மாவட்ட மைதானத்திலிருந்து இந்திய ஜெர்ஸி வரை: தடகள சம்மேளனம் என்னதான் செய்கிறது?

ஒரு தகப்பனார் கேட்டிருந்தார்: "என் மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கல்வித் துறை நடத்திய மாவட்டப் போட்டியில் 400 மீட்டரில் முதலிடம், மாநில அளவில் ஹீட்ஸோடு, அதாவது முதல் சுற்றோடு வந்துவிட்டாள். அடுத்து எங்கே போவது என்று யாரிடமும் தெளிவான பதில் இல்லை. இந்திய தடகள சம்மேளனம் என்று ஒன்று இருக்கிறதே, அது அரசாங்க அமைப்பா? அது என்னதான் செய்கிறது? எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் பயன் உண்டா?"

இருபது வருடங்களுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். விடுமுறை நாட்களில் போட்டி நடுவராகவும் நேரக் கணிப்பாளராகவும் மைதானத்தில் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் உங்கள் வீடு வரை வந்து சேர்வதும் சேராததும் டெல்லியைவிட உங்கள் மாவட்டத் தடகளச் சங்கத்தின் கையில்தான் அதிகம் இருக்கிறது.

முதலில், அது அரசு அமைப்பு இல்லை. 1946இல் தொடங்கப்பட்ட, பதிவு பெற்ற ஒரு சங்கம். உலக தடகள அமைப்பு ஒரு நாட்டுக்கு ஒரே ஓர் உறுப்பைத்தான் ஏற்கும்; இந்தியாவுக்கு அது இந்த சம்மேளனம். இதன் உறுப்பினர்கள் மாநிலச் சங்கங்களும், ரயில்வே, ராணுவம், காவல்துறை போன்ற நிறுவன அணிகளும். நம் ஊரில் அது தமிழ்நாடு தடகளச் சங்கம். அதற்குக் கீழே மாவட்டச் சங்கங்கள். தலைவரையும் நிர்வாகிகளையும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடிய அடில் சுமாரிவாலா 2012 முதல் தலைவராக இருந்தார். 2025 ஜனவரியில் பகதூர் சிங் சாகு வந்தார். 2002 ஆசிய விளையாட்டில் குண்டு எறிதலில் தங்கம் வென்றவர். நீளம் தாண்டுதல் வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜும் நிர்வாகத்தில் மூத்த துணைத் தலைவராக இருந்தவர்.

பணம் பெரும்பாலும் மத்திய விளையாட்டு அமைச்சகத்திலிருந்து வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் என்னென்ன முகாம், எந்தெந்த வெளிநாட்டுப் போட்டி, எத்தனை பயிற்சியாளர் என்று ஓர் ஆண்டுத் திட்டம் போட்டுக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். செலவைப் பெரும்பாலும் இந்திய விளையாட்டு ஆணையம், அதாவது சாய், வழியாகச் செய்வார்கள். தங்குமிடம், சாப்பாடு, மைதானம் எல்லாம் சாயின் பாட்டியாலா, பெங்களூரு, திருவனந்தபுரம் மையங்களில். இதுபோக விளம்பரதாரர் பணம் உண்டு. 2014இல் வந்த டாப்ஸ் திட்டம் தனி. அது ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ள வீரருக்கு நேரடியாக மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுத் தொகையும் பயிற்சிச் செலவும் தருகிறது. ஆகவே சாய், சம்மேளனம், ஒலிம்பிக் சங்கம் மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம். மைதானமும் விடுதியும் சாய். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு மாதிரி பல விளையாட்டுகள் சேர்ந்த திருவிழாவுக்கு அணியை அனுப்புவது ஒலிம்பிக் சங்கம். யார் ஓடுவது, எந்தப் போட்டி செல்லும், எந்தச் சாதனை ஏற்கப்படும் என்பதைச் சொல்வது சம்மேளனம்.

இனி உங்கள் மகள் விஷயம். தமிழ்நாட்டில் ஓடுகிற பிள்ளைக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. பெரும்பாலான பெற்றோருக்கு ஒன்றுதான் தெரியும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகிற பள்ளிப் பாதை. குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் அதில் வருபவை. முதலமைச்சர் கோப்பை தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அதாவது எஸ்.டி.ஏ.டி., நடத்துவது. இரண்டாவதுதான் சங்கப் பாதை: மாவட்டத் தடகளச் சங்கத்தின் ஜூனியர் போட்டி, மாநில ஜூனியர், தென்மண்டல ஜூனியர், தேசிய ஜூனியர். 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். இந்திய ஜெர்ஸி போட்டு ஆசிய ஜூனியரோ உலக ஜூனியரோ ஓட வேண்டுமானால் இந்த இரண்டாவது பாதை வழியாகத்தான் போக முடியும். பள்ளிப் போட்டியில் பத்துத் தங்கம் வாங்கியிருந்தாலும் சங்கத்தில் பதிவு இல்லாத பிள்ளை சம்மேளனத்தின் கணக்கில் இல்லை.

இந்தப் பாதையில் சம்மேளனம் செய்த மிக நல்ல காரியம் என்று நான் நினைப்பது நிட்ஜாம். தேசிய மாவட்டங்களுக்கு இடையிலான ஜூனியர் தடகளப் போட்டி என்பதன் சுருக்கப் பெயர். 14, 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும். மாநிலத் தேர்வு என்ற வடிகட்டி இல்லை. மாவட்டம் நேராகத் தன் அணியை அனுப்பும். 2024இல் அகமதாபாத்தில் நடந்தபோது 600க்கு மேற்பட்ட மாவட்டங்களிலிருந்து 5,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். ஒரே மைதானத்தில் அத்தனை பிள்ளைகள் ஓடித் தாண்டுவதை எண்ணிப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே ஒற்றைப் போட்டி வைப்பதைவிட, 60 மீட்டர், நீளம் தாண்டுதலோடு இன்னொன்றும் சேர்த்து மூன்று போட்டிகளின் தொகுப்பாக வைக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை "நீ 400 மீட்டர்காரி" என்று முத்திரை குத்தித் தினமும் சுற்றவிட்டுப் பதினேழு வயதில் முழங்காலைக் காலி பண்ணிவிடுகிறோம். எல்லாம் செய்து பார்க்கிற பிள்ளைதான் பின்னாளில் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். அப்புறம் அங்கே சாய் பயிற்சியாளர்களும் தனியார் அகாடமிக்காரர்களும் வந்து உட்கார்ந்து ஆள் தேடுவார்கள். ஒரு கிராமத்துப் பிள்ளை அவர்கள் கண்ணில் படுவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் ஏன் உங்களுக்குத் தெரியவில்லை? இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் வேலை பார்த்த ஒரு மாவட்டத்தில் தேர்வுப் போட்டி பற்றிய அறிவிப்பு இரண்டு நாள் முன்னால் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் நகரத்து கிளப் பயிற்சியாளர்கள் சிலர். என் பள்ளியில் 600 மீட்டர் அருமையாக ஓடுகிற ஒரு சிறுமி இருந்தாள். பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இல்லாததால் பெயர் கொடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு வயது தாண்டிவிட்டது. அவள் ஓடுவதையே விட்டுவிட்டாள். டெல்லியில் எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும், அது கடைசியில் ஒரு மாவட்டச் செயலாளரின் ஆர்வத்திலும் நேர்மையிலும் வந்து நிற்கிறது. சம்பளம் இல்லாமல், கைக்காசைப் போட்டு மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற செயலாளர்களையும் எனக்குத் தெரியும், அவர்களை வணங்குகிறேன். ஆனால் ஆளைப் பொறுத்து அமைகிற ஏற்பாட்டை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுக்கு எத்தனை போட்டி நடத்தியது, எத்தனை பேர் ஓடினார்கள், நேரங்கள் என்ன என்று பொதுவில் வெளியிட்டால்தான் உறுப்பினர் தகுதி என்று சம்மேளனம் ஒரு விதி போட்டால், பாதிக் குறை தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

போட்டி என்றால் ஓட விடுவது மட்டுமல்ல, அளப்பதும்தான். தடகளத்தின் உயிரே அளவில்தான் இருக்கிறது. விசில் அடித்து ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரத்துக்கும் மின்னணுக் கருவியில் எடுத்த நேரத்துக்கும் வித்தியாசம் உண்டு. 400 மீட்டரில் கைநேரத்தோடு 0.14 விநாடியும், 100, 200 மீட்டரில் 0.24 விநாடியும் கூட்டித்தான் ஒப்பிடுவது வழக்கம். 100 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் சாதனையாக ஏற்க மாட்டார்கள். நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தருவது, போட்டிக்கு அங்கீகாரம் தருவது, முடிவுகளைப் பதிவு செய்வது, தேசிய சாதனையை ஊக்கமருந்துச் சோதனைக்குப் பிறகு உறுதி செய்வது எல்லாம் சம்மேளனத்தின் அன்றாட வேலை. செய்தித்தாளில் வராத வேலை; ஆனால் இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் இல்லை.

பெரியவர்கள் மட்டத்தில் இது இன்னும் முக்கியமாகிவிட்டது. ஒலிம்பிக் போக இப்போது இரண்டு வழி. நிர்ணயித்த தகுதி நேரத்தைத் தொடுவது ஒன்று, உலகத் தரவரிசையில் இடம் பிடிப்பது இன்னொன்று. தரவரிசைப் புள்ளி நீங்கள் ஓடிய நேரத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை; எந்தத் தரத்துப் போட்டியில், எத்தனையாவது இடம் என்பதற்கும் கிடைக்கிறது. ஐரோப்பியர் வாரம் ஒரு பெரிய போட்டியில் ஓடிப் புள்ளி சேர்க்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு விசாவும் விமான டிக்கெட்டும் வேண்டும். அதனால் உலக அமைப்பின் தர முத்திரை பெற்ற போட்டியை நம் ஊரிலேயே நடத்துவது பெரிய உதவி. 2025 ஜூலையில் பெங்களூருவில் நீரஜ் சோப்ரா பெயரில் நடந்த ஈட்டி எறிதல் போட்டியும், ஆகஸ்டில் புவனேஸ்வரில் நடந்த கான்டினென்டல் டூர் வெண்கல நிலைப் போட்டியும் அப்படிப்பட்டவை. அதே மாதம் சென்னை நேரு ஸ்டேடியத்தில் மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி நடந்தது. அங்கே நம் விஷால் 400 மீட்டரை 45.12 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்தார். நல்ல மைதானம், ஈடுகொடுக்கிற எதிராளி, நம்பகமான கடிகாரம் மூன்றும் ஒரே நாளில் அமைந்தால் இப்படி நடக்கும்.

சம்மேளனத்தின் கையில் உள்ள மிகப் பெரிய அதிகாரம் தேர்வு. உலகப் போட்டிக்கு யாரும் தாமாகப் பெயர் கொடுக்க முடியாது. சம்மேளனம் அனுப்பும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2017இல் கேரளத்தின் பி.யூ. சித்ரா புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். லண்டன் உலக சாம்பியன்ஷிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் சேர்க்கச் சொல்லி உத்தரவிட்டது. அதற்குள் கெடு முடிந்துவிட்டது என்று உலக அமைப்பு மறுத்துவிட்டது. 2022இல் உயரம் தாண்டுதல் வீரர் தேஜஸ்வின் சங்கர் அமெரிக்காவில் படித்தபடியே தகுதி உயரத்தைத் தாண்டியிருந்தார். மாநிலங்களுக்கு இடையிலான போட்டிக்கு வரவில்லை என்று காமன்வெல்த் அணியில் முதலில் இடம் தரப்படவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசி நேரத்தில் பர்மிங்ஹாம் சென்று 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கினார். காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. தேசியப் போட்டிக்கு எல்லோரும் வர வேண்டும் என்ற விதியில் நியாயம் இருக்கிறது. முன்னணி வீரர்கள் வராத தேசியப் போட்டிக்கு மதிப்பு ஏது? ஆனால் விதிவிலக்கை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். வீரர் நீதிமன்றப் படியில் நிற்கிற நாட்கள் அவர் பயிற்சியில் இருக்க வேண்டிய நாட்கள்.

ஒரு சம்மேளனம் ஒரு விளையாட்டை வளர்க்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஈட்டி எறிதலைக் காட்டுவேன். 2016இல் நீரஜ் 86.48 மீட்டர் எறிந்து இளையோர் உலக சாதனை செய்தபோது ஆஸ்திரேலியரான கேரி கால்வர்ட் பயிற்சியாளராக இருந்தார். அப்புறம் உவே ஹான் வந்தார். 1984இல் பழைய வகை ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தவர். நூறைத் தாண்டி எறிந்த ஒரே மனிதர் அவர்தான். அவருக்குப் பின் உடலியக்கவியல் தெரிந்த கிளாவ்ஸ் பார்டோனியெட்ஸ். 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர், தங்கம். அந்தத் தங்கத்தைக் கொண்டாடிவிட்டு ஓயாமல், சம்மேளனம் ஆகஸ்ட் 7ஐ தேசிய ஈட்டி எறிதல் நாளாக அறிவித்து, மாநிலங்களில் போட்டி நடத்தச் சொன்னது. நிட்ஜாமில் சின்னப் பிள்ளைகளுக்கான ஈட்டி எறிதல் வந்தது. 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் நீரஜ் 88.17 மீட்டரில் தங்கம் வென்றபோது முதல் ஆறு பேரில் மூன்று பேர் இந்தியர்கள். 2025 டோக்கியோ உலகப் போட்டியில் நீரஜ் எட்டாவது. ஆனால் சச்சின் யாதவ் 86.27 மீட்டர் எறிந்து நான்காவது வந்தார். ஒருவர் சறுக்கினால் இன்னொருவர் நிற்கிறார். ஒரு விளையாட்டு வேர் பிடித்ததற்கு அடையாளம் இதுதான்.

தொடர் ஓட்டத்திலும் இப்படி ஒரு கதை உண்டு, நமக்கு நெருக்கமானது. டோக்கியோ ஒலிம்பிக்கில் திருச்சிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் இருந்த 4x400 அணி 3:00.25 என்று ஆசிய சாதனை செய்தும் இறுதிக்குப் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்டில் 2:59.05. கடைசி ஓட்டம் ஓடியவர் நம் ராஜேஷ் ரமேஷ். திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். நான்கு பேரும் மாதக்கணக்கில் ஒரே முகாமில் சேர்ந்து ஓடியதன் பலன் அது. தேசிய முகாம் முறைக்கு மறுபக்கமும் உண்டு. வளர்த்த பயிற்சியாளரை விட்டுப் பிரிந்து, தெரியாத ஊரில், தெரியாத சாப்பாட்டில் பிள்ளைகள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். 2025இல் வந்த புதிய நிர்வாகம், ரிலே போன்றவை தவிர மற்ற முகாம்களைப் படிப்படியாகக் குறைத்து, வீரர்கள் தங்கள் பயிற்சியாளரிடமோ தங்களை ஆதரிக்கிற நிறுவனத்திடமோ இருக்கலாம் என்று திசையை மாற்றியது. எனக்கு இதில் பாதி மகிழ்ச்சி, பாதி பயம். நல்ல நிறுவனம் கிடைத்த பிள்ளைக்கு இது வரம். யாரும் கிடைக்காத பிள்ளைக்கு முகாம்தான் மூன்று வேளையும் முட்டை கிடைத்த இடம்.

பயத்துக்கு இன்னொரு காரணம் ஊக்கமருந்து. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், பெரிய எண்ணிக்கையில் சோதனை செய்யும் நாடுகளுள் இந்தியாவில்தான் சிக்குவோர் விகிதம் அதிகம்: 3.8 சதவீதம். சோதனை செய்வது சம்மேளனம் இல்லை, நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு; அது தனி. அதே 2023இல் டெல்லியில் ஒரு மாநிலப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பலர் மைதானத்தை விட்டே போய்விட்டார்கள். 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் ஓடினார். வெட்கமாக இருக்கிறது. இதில் பெரும்பாலும் பிள்ளையை மட்டும் தண்டிக்கிறோம். ஊசியைக் கொடுத்தவர் அடுத்த பிள்ளையைத் தேடிப் போகிறார். பயிற்சியாளர்கள் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும் என்று 2025இல் சம்மேளனம் கட்டாயமாக்கியது இதற்காகத்தான். வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் பதக்கம் சாவியாக இருக்கிறவரை ஆசை இருக்கும்; கொடுக்கிறவர் பெயர் ஓர் ஏட்டில் இருந்தால் குறைந்தபட்சம் பிடிக்கலாம். வயது மோசடியும் இதன் தம்பிதான். எலும்பு வயதுச் சோதனை இருக்கிறது. அது மதிப்பீடுதான், துல்லியமில்லை. பதினான்கு வயதுப் பிரிவில் பதினேழு வயதுப் பையன் ஜெயிக்கும்போது, இரண்டாவது வந்த நிஜமான பதின்மூன்று வயதுப் பிள்ளை "எனக்கு இது வராது" என்று வீட்டுக்குப் போய்விடுகிறான். திருட்டுப் போவது பதக்கம் மட்டும் இல்லை.

நிர்வாகத்தைக் கேள்வி கேட்க 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம் வந்திருக்கிறது. சம்மேளனங்களின் செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் சிறந்த வீரர்கள் குறைந்தது இரண்டு பேர், பெண்கள் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும்; வழக்குகளுக்குத் தனி விளையாட்டுத் தீர்ப்பாயம். சித்ராவுக்கு நடந்தது இனி ஒருவருக்கு நடந்தால், கெடுவுக்குள் தீர்ப்பு வருமா என்பதுதான் இந்தச் சட்டத்துக்கு நான் வைக்கும் சோதனை.

இப்போது உங்கள் மகளுக்கு. முதலில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். மாவட்டத் தடகளச் சங்கச் செயலாளர் யார் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். சம்மேளனத்தின் பதிவு எண் ஒன்று உண்டு; ஆன்லைனில் பதிவு செய்து அதை வாங்கிவிடுங்கள். நிட்ஜாம் தேர்வும் மாவட்ட ஜூனியரும் எப்போது என்று மாதம் ஒருமுறை நீங்களே கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். எஸ்.டி.ஏ.டி. விளையாட்டு விடுதித் தேர்வையும் விடாதீர்கள். இருமலுக்குக்கூட மருந்து வாங்கும்போது ஓடுகிற பிள்ளை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். யாராவது பவுடரோ ஊசியோ "சத்துக்கு" என்று கொடுத்தால் அந்த இடத்திலிருந்தே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். அவள் ஓடிய ஒவ்வொரு 400 மீட்டரையும் தேதி, ஊர், மண் தடமா சிந்தடிக்கா, கைநேரமா மின்னணு நேரமா என்று எழுதி வையுங்கள். மாநிலப் போட்டியில் ஹீட்ஸில் எத்தனை விநாடி ஓடினாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.